வாசிப்பவர் யார்?

ஒலிநூல் என்பது இன்று ஒரு புதுமைப் பொருளாகப் பேசப்படுகிறது. கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தால் போதும். வரலாறு, வாழ்க்கை வரலாறு, மருத்துவம், பொருளியல் என எத்துறை நூலையும் ஒருவர் வாசிக்க நாம் கேட்கலாம். இவற்றுள் கதை நூல்களைப் பற்றி இங்கு நான் பேசப் போவதில்லை. கதையை வாசிப்பவர் சற்று மிகையாக நடித்துவிட்டால் கெடுவது சுவை மட்டுமே. செய்தி சொல்லும் நூல் அத்தகையதன்று. வாசிப்பவர் நா பிறழ்ந்தால் கேட்பவர் பெறும் அறிவே பிறழ்ந்து போகிறது. அச்சிட்ட பக்கத்தில் ஐயம் எழுந்தால் மேல் வரிக்குத் திரும்பலாம். காதில் விழுந்த சொல்லுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆகவே இவ்வகை நூல்களின் வாசிப்பு முறையைத் தனியே நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

நூலைக் காதால் பெறுவது நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையின் விதிகளைத் தொகுத்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு: ஹிஜ்ரி 643, கி.பி. 1245) அறிவைப் பெறும் வழிகள் எட்டு எனப் பகுத்தார். ஆசிரியர் சொல்லவோ வாசிக்கவோ மாணவர் செவிமடுக்கும் ‘ஸமாஉ’ அவற்றுள் முதலாவது. மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்துவது இரண்டாவது. கையில் ஏட்டை மட்டும் கொடுத்து அனுப்புவது அதற்கும் பின்னரே வருகிறது. திமிஷ்கு நகரின் பழைய கையெழுத்துப் பிரதிகளில், அந்நூல் எந்த மஜ்லிஸில், எந்த நாளில், யாரால் வாசிக்கப்பட்டது, கேட்டவர் யார் யார் என்னும் விவரம் எழுதப்பட்டிருக்கும். இன்னார் இன்ன பகுதிக்கு வரவில்லை என்பதுகூடக் குறிக்கப்பட்டது. வாசித்தவர் பெயரில்லாத வாசிப்புக்கு அங்கு மதிப்பில்லை. இன்றைய ஒலிநூல்களின் முகப்பிலோ ஆசிரியர் பெயர் பெரிதாக இருக்கிறது; வாசித்தவர் பெயர் பல நேரங்களில் தேடிப் பார்க்கும் அளவில் இருக்கிறது; சிலவற்றில் அதுவும் இல்லை.

நம் தமிழ்க் கடற்கரைக்கு வருவோம். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதம் முப்பது நாளும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடைபெறுகிறது. அரபு மூலம் ஓதப்படுகிறது. ஆலிம்கள் தமிழில் விளக்கம் சொல்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற அரபுத்தமிழ் மார்க்கச் சட்ட நூல்கள் வீடுகளில் வாழ்ந்த விதமும் ஏறக்குறைய இதுவே. எழுத்தறிந்த பெண் ஒருத்தி வாசிப்பாள். அறியாத நால்வர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். தொழுகையின் ஃபர்ளுகளை அப்படிக் காதால் கற்றவர்கள் நம் பாட்டிமார்கள்.

இப்போது கேட்பவர் யார்? நான் வாழும் மரக்காணம் உப்பளக் கரையையே எடுத்துக் கொள்கிறேன். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதுவோர் உண்டு. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் பாத்திகளைச் செம்மை செய்யத் தொடங்கினால், அடுத்த மழை வரும்வரை வேலை இருக்கும். வெயில் ஏறுமுன் உப்பை வாரி எடுத்துவிட வேண்டும் என்பதால் விடியுமுன்பே ஆட்கள் இறங்கி விடுகிறார்கள். கைகள் ஓயாது இயங்கும். செவி மட்டும் ஓய்ந்திருக்கும். முன்பு வரப்பில் ஒரு வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. இன்று இடுப்பு மடியில் கைப்பேசி பேசுகிறது. பாட்டும் அரசியலும்தான் மிகுதி என்றாலும், நபிமார்களின் வரலாற்றையும் சர்க்கரை நோய் பற்றிய நூலையும் கேட்டுக்கொண்டே உப்பு வாருவோரை நான் அறிவேன். வெள்ளை உப்பிலும் உவர்நீரிலும் பட்டுத் தெறிக்கும் வெயில் பல்லாண்டு கண்ணில் பாய்ந்து, ஐம்பதைத் தாண்டுமுன் எழுத்து மங்கிப்போனவர்கள் இவர்களிடையே உண்டு. அவர்களுக்கு ஒலிநூல் பொழுதுபோக்கு அன்று. இனி அவர்கள் பெறக்கூடிய நூல் அது ஒன்றே.

ஒலிநூலின் பிறப்பும் இத்தகைய தேவையில்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பார்வையற்றோருக்கான நூல் திட்டத்தை 1931 இல் தொடங்கி, 1934 முதல் இசைத்தட்டுகளில் ‘பேசும் நூல்’களை அனுப்பியது. 1935 இல் பிரிட்டனும் அவ்வழியில் வந்தது. நம் நாட்டில் 2016 இல் தொடங்கப்பெற்ற ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகம் அச்சைப் படிக்க இயலாதோர்க்கானது. வணிகம் இத்துறைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. வந்ததும் அலங்காரத்தைக் கூட்டிவிட்டது.

அலங்காரம் என்பதைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். குர்ஆன் ஓதுதலில் இரு நடைகளை வேறுபடுத்துவார்கள். இராக வளத்தோடு நிறுத்தி நீட்டி மஜ்லிஸ்களில் ஓதப்படுவது ‘முஜவ்வத்’. அலங்காரமின்றி, ஒவ்வோர் எழுத்தும் அதன் பிறப்பிடத்திலிருந்து பிறக்குமாறு சீராக ஓதப்படுவது ‘முரத்தல்’. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் முழுக் குர்ஆனையும் முரத்தல் நடையில் ஓதிய பதிவு 1961 இல் வெளிவந்தது. 1964 இல் கெய்ரோவில் குர்ஆனுக்கெனத் தனி வானொலி தொடங்கியபோது அப்பதிவு நாடுகள் தோறும் பரவியது. கற்க விரும்புவோர் இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள். அவர் குரல் தம்மை முன்னிறுத்துவதில்லை. இறைமறையின் ஓதலை மனிதர் எழுதிய நூலின் வாசிப்புக்கு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கருதிவிடக் கூடாது. குரலின் ஒழுக்கத்தை எங்கே கற்கலாம் என்பதையே சுட்டுகிறேன். செய்தி நூலை வாசிப்பவருக்கு வேண்டுவது முரத்தல் மனம். நம் ஒலிநூல்களில் பலவற்றில் காண்பதோ மேடைப் பேச்சு. பஞ்சத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு விம்மல், போர் வந்தால் முரசு, ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் புல்லாங்குழல். உப்பு வரி வரலாற்றைச் சொல்லும் வாக்கியத்திற்குப் பின்னால் வயலின் அழ வேண்டியதில்லை. அவ்வரி மக்களை என்ன செய்தது என்பதைச் சொல்லும் வலிமை அந்த வாக்கியத்துக்கே உண்டு.

ஒலியின் விரைவைக் கூட்டும் வசதியைப் பலர் பழிக்கிறார்கள். நான் பழிக்க மாட்டேன். தஜ்வீது கலையிலேயே ‘தஹ்கீக்’ என்னும் மெதுநடை, ‘தத்வீர்’ என்னும் இடைநடை, ‘ஹத்ர்’ என்னும் விரைநடை என மூன்றும் ஏற்கப்பட்டவையே. எந்த நடையிலும் எழுத்து சிதையக் கூடாது என்பதே நிபந்தனை. தெளிவாக வாசிக்கப்பட்ட நூல் ஒன்றரை மடங்கு விரைவிலும் விளங்குகிறது. சொற்களை விழுங்கி வாசித்தது, இயல்பான விரைவிலேயே விளங்குவதில்லை.

உச்சரிப்புத்தான் நம் வீட்டுக் கவலை. தமிழ் எழுத்தில் அரபுச் சொற்களை எழுதும்போது பல ஒலிகள் ஓரெழுத்தில் வந்து ஒடுங்குகின்றன. ‘கல்பு’ என்று எழுதினால் அது உள்ளமும் ஆகலாம், நாயும் ஆகலாம். அரபியில் முதலெழுத்து வேறு வேறு. ‘கபர்’ என்றால் செய்தியும் உண்டு, மண்ணறையும் உண்டு. ஒரு வாழ்க்கை வரலாற்றில் ‘அவருக்குக் கபர் கிடைத்தது’ என்று வரும் இடத்தை, அடக்கம் செய்யப்பட்டவரைப் பற்றிப் பேசும் குரலில் ஒருவர் வாசித்ததைக் கேட்டேன். அந்தப் பெரியவர் அடுத்த வாக்கியத்தில் எழுந்து பயணம் புறப்பட்டுவிட்டார்! ‘பிக்ஹு’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டபடி வாசித்தால் அது சட்டக் கலையாகக் காதில் விழாது. (ஸல்) என்னும் சுருக்கத்தை அப்படியே ‘ஸல்’ என்று சொல்லிக் கடப்போரும் உளர். அடைப்புக்குறிக்குள் இருப்பது கண்ணுக்கான குறிப்பு. வாய் அதை முழு ஸலவாத்தாக விரிக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டும் கிறித்தவ ஆண்டும் அடுத்தடுத்து வரும்போது எது எதுவெனச் சொல்லாமல் இரண்டு எண்களை உருட்டிவிடுவதும் இவ்வகைக் குறையே.

இக்குழப்பத்துக்கு நம் முன்னோர் விடை கண்டிருந்தார்கள். அரபுத்தமிழ் எழுத்தில் அரபுச் சொல் அதற்குரிய எழுத்தோடேயே நிற்கும். தமிழுக்கே உரிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது வடிவம் தந்தார்கள். அதை வாசித்துப் பழகிய நாவுக்கு இரு மொழியும் வசப்பட்டன. அந்தப் பயிற்சி அருகிவிட்ட இக்காலத்தில், வாசிப்பவர் கையில் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அறிந்தவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது சொல்லிப் பார்க்கச் செய்வது பெரிய செலவன்று.

ஆசிரியரே வாசிப்பது நல்லதா? அர்த்தமுள்ள இந்து மதத்தைக் கவிஞர் கண்ணதாசன் தம் குரலிலேயே பதிவு செய்தார். அதன் கருத்துகளோடு நமக்குள்ள வேறுபாடு ஒருபுறம் இருக்க, எழுதியவரின் மூச்சு வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் காது அறிந்து கொள்கிறது. ஆனால் எழுதத் தெரிந்தவர் எல்லாருக்கும் வாசிக்க வராது. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் தன்வரலாறு 1999 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழுக்கும் வந்தது. ஆங்கில மூலத்தின் ஒலிவடிவுக்குக் குரல் கொடுத்தவர் ‘துக்ளக்’ நாடகத்தை எழுதிய கிரீஷ் கர்னாட். இராமேசுவரத்து மரக்காயர் குடும்பத்துப் பிள்ளையின் வாழ்வைக் கன்னட நாட்டு நாடகாசிரியர் சொல்வது பொருந்துமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. பொருந்தும் என்றே சொல்வேன். கலாமின் குரல் நாடறிந்தது. கர்னாட்டின் கனத்த குரல் அதுவன்று. ராவியாக இருப்பவர் தாம் அறிவிக்கும் மனிதரைப் போல நடிக்க வேண்டியதில்லை. சொல்லை அமானிதமாக ஏற்று, பெற்றபடி ஒப்படைத்தால் போதும். ஆயினும் ஜைனுலாப்தீன், ஆஷியம்மா என்னும் பெயர்கள் அவர்கள் மண்ணின் தமிழில் ஒலிக்கும்போது வரும் நெருக்கம் தனி. அந்நூல் நம்மவர் நாவில் கேட்கத் தக்கது.

வாயால் சொல்லிப் பிறந்த நூல்களும் உண்டு. இப்னு பதூதா தம் பயணங்களை மொராக்கோவின் ஃபாஸ் நகரில் சொல்ல, இப்னு ஜுஸய்யி எழுதி 1355 இல் முடித்தார். அந்நூலைக் கேட்பது, அதைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதற்கு ஒப்பாகும். நம் கரையை ‘மஅபர்’ என்றும், மதுரையை ‘முத்ரா’ என்றும் அவர் குறிப்பிடுகிறார். வாசிப்பவர் அவ்விடத்தில் தடுமாறினால், தம் ஊர்வழியே ஒரு பெரும் பயணி போனதை அறியாமலே தமிழர் கேட்டு முடிப்பார்.

இறுதியாக, இயந்திரக் குரல். எந்த நூலையும் சில நொடிகளில் வாசித்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. பார்வையற்ற மாணவருக்கு நாளைத் தேர்வு என்றால் இதைக் காட்டிலும் பேருதவி இல்லை. அதை மறுப்பது கொடுமை. ஆனால் அறிவிப்பாளரிடம் நம் இமாம்கள் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள்: நேர்மை, பிழையற்ற பிடிப்பு. இயந்திரத்தின் பிடிப்பு நாளுக்கு நாள் வளரலாம். அதன் நேர்மையை யாரிடம் விசாரிப்பது? பிழை செய்தால் யார் பொறுப்பேற்பது? ஆகவே இயந்திரம் வாசித்த நூல் அவ்வாறே அறிவிக்கப்பட்டு வரவேண்டும். மனிதப் பெயர் சூட்டி வரக்கூடாது.

நம்மவர் பதிவு செய்ய முன்வந்தால், எம்.ஆர்.எம். அப்துற்றஹீம் அவர்களின் நூல்களிலிருந்து தொடங்கலாம். ‘நபிகள் நாயகம்’ தெளிந்த உரைநடை. உரக்க வாசிக்க இசைவது. அவருடைய ‘இஸ்லாமியக் கலைக் களஞ்சிய’த்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, உப்பளத்தில் ஒரு பாத்தி வாரி முடிக்கும் நேரத்திற்குள் அடங்கும் துண்டுகளாகத் தரலாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வாசிப்பவர் தம் பெயரையும் ஊரையும், எந்தப் பதிப்பை வாசிக்கிறார் என்பதையும், அரபுச் சொற்களை எவரிடம் சரிபார்த்தார் என்பதையும் சொல்லட்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.