தம்பிரான் வணக்கம் (1578): தலைப்புச் சொற்களின் இறையியல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் எழுத்தில் அச்சாகிக் கிடைத்துள்ள நூல்களுள் காலத்தால் முந்தையது தம்பிரான் வணக்கம். அச்சு வரலாற்றின் தொடக்கச் சான்றாகவே இது பெரிதும் பேசப்பட்டு வருகிறது. இதன் தலைப்புச் சொற்கள் ஓர் இறையியல் முடிவைத் தாங்கியிருப்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நூலும் படியும்

இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு அடிகளார் (1520–1600) போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலைத் தழுவி எழுதிய இச்சிறுநூல், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இது 16 பக்கங்கள் உடையது. 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்ட இருவகை எழுத்துருக்களையும் இதன் இறுதிப் பக்கம் காட்டுகிறது. 1554-இல் லிசுபனில் வெளிவந்த கார்த்தில்யாவில் தமிழ் உரோமன் எழுத்திலேயே இடம்பெற்றது. தமிழ் எழுத்தே அச்சேறியது கொல்லத்தில்தான். அறியப்பட்ட ஒரே படி இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1958-இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை தமிழின் முதல் அச்சு நூல்கள் மீது ஆய்வுலகின் கவனத்தைத் திருப்பியது.

சொல் தேடிய காலம்

இந்நூலுக்கு முன்னரே முத்துக்குளித்துறையில் மறைச்சொற்களைத் தமிழாக்கும் முயற்சி நடந்துள்ளது. 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்வித்தார். அந்த விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றதைப் பின்னர் உணர்ந்து, 1544-இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு மடல் எழுதித் திருத்தினார். நம்பிக்கையை அறிவிக்கும் வாக்கியம் விருப்பத்தைத் தெரிவிப்பதாக மாறியிருந்தது. தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் விளக்கி எழுதிய என்றீக்கசு அடிகளாரின் சொல்தேர்வை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

தம்பிரான்

'தம்பிரான்' சைவ மரபில் வேரூன்றிய சொல். பண்ருட்டிக்கு மேற்கிலுள்ள திருநாவலூரில் தோன்றிய சுந்தரர், 'தம்பிரான் தோழர்' என்று போற்றப்படுகிறார். பண்ருட்டியை அடுத்த திருவதிகையின் எல்லையில், சித்தவடமடத்தில், இறைவன் அவர் தலைமேல் திருவடி வைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சைவ மடங்களின் துறவியரும் தம்பிரான் என்றே அழைக்கப்படுகின்றனர். பின்னணி அறியாத ஒருவர் இந்நூல் தலைப்பை மட்டும் கண்டால், திருவதிகை வீரட்டானத்தைப் போன்ற ஒரு தலத்துக்குரிய துதிநூல் என்றே கருத இடமுண்டு.

இச்சொல்லை மேற்குக் கடற்கரை ஆட்சியாளரைக் குறிக்கும் 'தம்புரான்' என்பதோடு மட்டும் இணைத்து விளக்கலாமெனச் சிலர் கருதக்கூடும். நூல் அச்சான இடம் அதற்குத் துணைநிற்கிறது. 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறிய பரதவர்க்கு, தலைவன் என்னும் பொருளும் அயலானதன்று. எனினும் அரசுப் பொருளை ஏற்பதற்காகச் சமயப் பொருளை விலக்க வேண்டியதில்லை. ஆண்டவனையும் ஆள்பவனையும் ஒருங்கே சுட்டுவதே இச்சொல்லின் ஆற்றல்.

சப்பானில் சவேரியார் முதலில் 'தைனிச்சி' என்னும் பௌத்தப் பெயரைக் கடவுளுக்குப் பயன்படுத்தினார். பின்னர் அதைக் கைவிட்டு 'தேயுசு' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மாறினார். 1593-இல் மணிலாவில் அச்சான தகாலொகு மறைநூல் 'தியோசு' என்னும் எசுப்பானியச் சொல்லையே கொண்டது. என்றீக்கசு அடிகளார் வழக்கிலிருந்த சொல்லையே தலைப்பில் நிறுத்தினார்.

வணக்கமும் கிரீசித்தியானியும்

போர்த்துக்கீசியத் தலைப்பு இதனைப் 'போதனை' என்கிறது; தமிழ்த் தலைப்பு 'வணக்கம்' என்கிறது. கற்பிப்பவரின் செயல் வழிபடுபவரின் செயலாக மாறியுள்ளது. 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சான அடுத்த நூல், கிரீசித்தியானி வணக்கம் என்று பெயர் பெற்றது. இரு தலைப்புகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படும். கடவுளின் பெயர் நாடறிந்த தமிழ்ச்சொல்லாக இருக்க, அடியார் கூட்டத்தின் பெயர் எழுத்துப்பெயர்ப்பாகவே உள்ளது. முதல் நூலின் முகப்பிலும் துறவற சபையின் பெயர் போர்த்துக்கீசிய ஒலியுடனேயே நிற்கிறது. கடவுள் அனைவர்க்கும் பொது, அவரை வழிபடும் சமூகம் தனியானது என்னும் நிலைப்பாட்டை இச்சொல்தேர்வு உணர்த்துகிறது.

இந்நிலை நீடிக்கவில்லை. தத்துவ போதகர் 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுசு மொழிபெயர்ப்பு 'பராபரன்' என்றது. 1871-இல் வெளிவந்த கூட்டுத் திருப்புதல் 'தேவன்' என்பதை நிலைநாட்டியது. ஒவ்வொரு மாற்றமும் சைவ வழக்கின் அணுக்கத்திலிருந்து சிறிது விலகியது.

வாசிப்புச் சிக்கல்

சுவடி மரபைப் பின்பற்றிய தொடக்ககால அச்சில் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. தலைப்பைத் 'தம்பிரான்' என்று வாசிப்பதற்கே, வாசகர் அச்சொல்லை முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஆகவே இக்காலப் பதிப்பில் இடப்படும் ஒவ்வொரு புள்ளியும் பதிப்பாசிரியரின் விளக்கமே. ஒரே படி எஞ்சியுள்ள நூலில் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேறு படியும் இல்லை. மூலப் பக்க உருவையும் புள்ளியிட்ட வாசிப்பையும் எதிரெதிரே தரும் பதிப்பே ஆய்வுக்குத் துணையாகும்.

முடிவுரை

'முதல் நூல்' என்னும் பெருமை தம்பிரான் வணக்கத்தை அச்சு வரலாற்றின் முன்னுரைக்குள் ஒதுக்கிவிடுகிறது. தமிழ்ச் சமயச் சொல்வரலாற்றில், தேவார மரபுக்கும் கிறித்தவ உரைநடைக்கும் இடையில் வைத்து இதை வாசிக்கும்போதே இதன் சிந்தனை வெளிப்படும். கிறித்தவ இறையியலுக்கும் சைவச் சொல்மரபுக்கும் தனித்தனியே பாடம் வகுத்துள்ள ஆய்வுத்துறைகள் இணைந்து செய்யவேண்டிய பணி இது.