பிஎஸ் கட்டளையின் வெளியீட்டு வடிவத் தெரிவுகள்: ஒரு திறனாய்வு

பிஎஸ் என்பது யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறைகளைப் பட்டியலிடும் கட்டளை ஆகும். எவற்றைக் காட்டுவது, எந்த வடிவில் காட்டுவது என்ற இரண்டையும் பயனர் தெரிவுகள் மூலம் சொல்கிறார். இதன் எழுத்துமுறையில் நல்ல வடிவமைப்பும் குழப்பமும் அருகருகே உள்ளன.

பின்னணி

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யுனிக்ஸில் தெரிவு எழுத்துக்கு முன் சிறுகோடு இடுவது வழக்கம். பெர்க்லி வழிவந்த பிஎஸ் கட்டளைக்குச் சிறுகோடு தேவையில்லை. குனு முறையில் இரட்டைச் சிறுகோட்டுடன் முழுச்சொல் வரும். லினக்ஸில் உள்ள பிஎஸ் இம்மூன்றையும் ஏற்கிறது.

நிறைகள்

ஆயத்த வடிவங்களில் எந்த நெடுவரிசைகள் வரும் என்பதைக் கருவியை எழுதியவரே முடிவு செய்கிறார். 'ஓ' என்ற தெரிவு அந்த உரிமையைப் பயனருக்குத் தருகிறது. வேண்டிய நெடுவரிசைகளின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். இல்லாத பெயரை எழுதினால் பிழை என்று அறிவித்துக் கருவி நின்றுவிடும்.

இதன் அருமை டேட் கட்டளையோடு ஒப்பிட்டால் புரியும். அங்கு விழுக்காட்டுக் குறியுடன் சிறிய 'எம்' மாதத்தையும் பெரிய 'எம்' நிமிடத்தையும் குறிக்கும். மாற்றி எழுதினாலும் எச்சரிக்கை வராது. மார்ச் மாதத்தில் காலை 9 மணி 7 நிமிடத்திற்கு எடுத்த காப்பு நகல், ஜூலை மாத நகல் என்று பெயர் பெற்றுவிடும்.

குறைகள்

நெடுவரிசைப் பெயரை அடுத்துச் சமக்குறியிட்டுத் தலைப்பை மாற்றலாம். எல்லாத் தலைப்புகளையும் வெறுமையாக விட்டால் தலைப்பு வரியே வராது. வெளியீட்டைப் படிக்கும் நிரல்களுக்கு இது பெரும் வசதி. ஆனால், போசிக்ஸ் தரநிலைப்படி சமக்குறிக்குப் பின் வரும் அனைத்தும் தலைப்பே. காற்புள்ளியும் அதில் அடங்கும். ஆகவே "பிஐடி=எண்,காம்=பெயர்" என்று எழுதினால், "எண்,காம்=பெயர்" என்ற நீண்ட தலைப்புடன் ஒரே நெடுவரிசை வரலாம்; இரண்டு நெடுவரிசைகளும் வரலாம். எது வரும் என்பது லினக்ஸில் பிஎஸ் எந்த மரபைப் பின்பற்றுமாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. ஐயம் இருந்தால் 'ஓ' தெரிவைப் பலமுறை எழுதுமாறு அதன் கையேடே அறிவுறுத்துகிறது.

சிறுகோடும் இத்தகைய சிக்கலைத் தருகிறது. "பிஎஸ் ஏயுஎக்ஸ்" என்பது அனைத்துச் செயல்முறைகளையும் காட்டும். சிறுகோடு சேர்த்தால், தரநிலைப்படி 'எக்ஸ்' என்னும் பயனரின் செயல்முறைகளைக் கேட்டதாகப் பொருள்படும்.

மதிப்பீடு

வெளியீட்டை மனிதர் படிக்கும்போது ஒரு நெடுவரிசை குறைந்தால் கண்ணில் பட்டுவிடும். அதை ஒரு நிரல் படித்து, செயல்முறைகளை நிறுத்தும் பணியைச் செய்கிறது என்றால், தவறானதை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. புதிய கருவி எழுதும் மாணவர்கள் பிஎஸ் கட்டளையிலிருந்து கொள்ள வேண்டியது பெயரால் கேட்கும் முறை. தள்ள வேண்டியது ஒரே குறிக்கு இடத்திற்கு இடம் மாறும் பொருள். எழுதியது தெளிவாக இல்லையெனில் ஊகிக்காமல் பிழை என்று சொல்வதே கருவிக்கு அழகு.