பத்தாயிரம் ரூபாயும் பள்ளி வாசல் புகையும்

நாகர்கோவில்ல நான் பார்க்கிற மாணவர் அறிவியல் கண்காட்சிகளில் காற்றுத் தர மீட்டர் ஒன்றாவது இருக்கும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனா அந்தக் காசு மாதிரி செய்யவும், அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவும்.

காற்றை அளக்க அது போதாது. விலை குறைந்த சென்சார், நுண்துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஈரப்பதம் கூடினால் துகள் நீரை இழுத்து ஊதும், ரீடிங் ஏறும். ரெண்டு பருவமழையும் பெய்கிற நம்ம ஊருல இது சின்ன விஷயமில்ல. மழை விட்ட காலையில் என் மொட்டைமாடி சென்சாரை நம்பினா ஊரையே காலி பண்ணணும்! தரமான கருவி பக்கத்தில் வைத்துச் சில வாரம் ஒப்பிடணும், வருஷம் முழுக்க ஓட விடணும். அதுக்குத்தான் பணம் வேணும்.

2020-ல் ஸ்வீடனின் சிறார் காலநிலைப் பரிசு வாங்கிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் மீட்டரில் தொடங்கவில்லை. தெருவில் இஸ்திரி வண்டிக் கரியைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். நம்ம பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வேன்களை எண்ண ஒரு நோட்டு போதும். டிரைவர்களிடம் பேசிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணும் பிள்ளைகளுக்கும் அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்கலாம், மேஜையில் வைக்க மாதிரி எதுவும் இல்லாவிட்டாலும்.