வரிசையில் நிற்கும் செய்தி

பல கணினிகளில் பகிர்ந்து இயங்கும் மென்பொருள்களிடையே, அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே வேளையில் இயங்கவேண்டிய தேவையின்றி, செய்தியை ஏற்றுக் காத்து ஒப்படைக்கும் இடைநிலை அமைப்பே செய்தி வரிசையாகும். கொழும்பை அண்டிய ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் எந்தக் கொள்கலன் லொறியும் இழுத்துச் செல்லத்தக்க அளவில் கொள்கலன்கள் நிற்பதுபோல, எந்த மொழியில் எழுதப்பட்ட நிரலும் கையாளத்தக்க பொதுவடிவில் செய்தி நிற்பதே இதன் இடைச்செயற்பாட்டுத் திறன் எனப்படும்.

இப்பொதுவடிவை நாடி ஜேபி மோர்கன் வங்கியில் 2003இல் தொடங்கிய ஏஎம்க்யூபி நெறிமுறை, 2012இல் ஒயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமாயிற்று. 2005இல் தோன்றி கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் மெசேஜ் புரோக்கர் என்ற செய்தி வரிசை மென்பொருள், அந்நெறிமுறையுடன் ஜாவா நிரல்மொழி உலகின் ஜேஎம்எஸ் இடைமுகத்தையும் ஏற்று இயங்கியது.

செய்தி வரிசை அமைக்கும் கைவினையின் அழகு அதன் நிதானத்திலேயே உள்ளது. பெறும் நிரல் வேலையை முடித்து ஒப்புகை அனுப்பும்வரை செய்தி பொதுவாக அழிக்கப்படுவதில்லை. ஒப்புகை வழியில் தொலைந்தால் அதே செய்தி மறுபடியும் வரும் என்பதால், தேர்ந்த வடிவமைப்பாளர் ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் இட்டு, அது முன்பே கையாளப்பட்டதா எனச் சரிபார்த்து, ஒரே கட்டணம் இருமுறை அறவிடப்படாமல் காக்கிறார். பொது நெறிமுறையையும் இடைமுகத்தையும் சார்ந்து எழுதுவதால், வரிசை மென்பொருளை மாற்றும் நாளிலும் பயன்பாட்டின் நிரல் பெரும்பாலும் மாறாதிருப்பதே இவ்வடிவமைப்பின் தேர்ச்சிக்கு உரைகல்லாகும்.