தலைவனல்லாத் தலைவன்

பாத்திரம் ஏற்று ஆடும் வீடியோ விளையாட்டுக்களில், ஆடுவோன் வழிநடத்தும் மாந்தனே கதைத்தலைவன் ஆதல் பெருவழக்கு. அவ்வழக்கினின்றும் விலகி நிற்பது, ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனத்தார் 1992-ஆம் ஆண்டில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கென வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட் 5'. இதன் கதையை யாத்தவர் யூஜி ஹோரீ. ஆங்கிலத்தில் இது முறையாக வெளிவந்தது 2009-ஆம் ஆண்டிலேயாம். அவர் மேற்கொண்ட விலகலின் பயன் யாதென யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒரு மாந்தனின் வாழ்வு சிறுவன், இளைஞன், தந்தை என்னும் மூன்று நிலைகளில் இதன்கண் விரிகின்றது. பகைவன் சிறுவனைப் பிணையாகப் பற்றிக்கொள்ள, அவன் தந்தை பப்பாஸ் திருப்பித் தாக்காது அடியுண்டு மடிகின்றான். அப்போரில் ஆடுவோன் இடும் ஆணைக்கு இடமே இல்லை. பின்னர்ப் பத்தாண்டு அடிமை வாழ்வு, மணம், மக்கட்பேறு, அதன்பின் எட்டாண்டு கற்சிலையாய் நிற்றல். தன்னை விலைகொண்ட வீட்டாரின் குழந்தையைப் பகைவர் கவர்ந்து செல்வதைக் கண்டும் அச்சிலை வாளா நிற்கின்றது.

செயலே விளையாட்டின் உயிராதலின், செயலை மறுக்கும் இவ்விடங்கள் குற்றமாம் எனின், அற்றன்று. கதை நூலைக் கற்போன் பிறன் கையறுநிலையைக் கேட்டறிகின்றான். ஈண்டோ, இதுகாறும் ஏவியவாறு இயங்கிய கருவி கையிலிருந்தும் பயன்படாது போதலின், அந்நிலையை ஆடுவோன் தன்னதாகவே உணர்கின்றான். அவலம் சொல்லாற் பிறவாது செயலின்மையாற் பிறக்கின்றது.

இனி, பப்பாஸ் தேடியது பேய்களை வெல்லவல்ல பழங்கதை வீரனை. அவ்வீரனுக்குரிய வாளை அவன் ஒரு குகையில் மறைத்து வைத்துச் சென்றான். அதனைக் கண்டெடுக்கும் மகனால் அதனை ஏந்த இயலாது. ஏந்துபவன் அவனுக்குப் பிறந்த மகனே. அம்மகனும் ஆடுவோன் ஆணையின்வழிப் போரிடுதலின் இவ்வேறுபாடு பெயரளவிற்றே என்பாரும் உளர். பல நாள் முயன்று வளர்த்த மாந்தனுக்கு அவ்வாளை அணிவிக்க முயன்று இயலாமை கண்டார் அங்ஙனம் கூறார். கதை கூறும் உண்மையை விளையாட்டின் விதியும் கூறுதலே இதன் சிறப்பு என்க.

குறையும் ஒன்று உண்டு. தந்தையைக் கொன்றவன் வீழ்ந்தபின் எதிர்ப்படும் இறுதிப் பகைவன் நம் உள்ளத்தில் வேரூன்றாதவன். ஆதலின் முடிவு சற்றே தளர்கின்றது. எனினும், வெற்றிக்குரியவன் ஆகாதவனும் அவ்வெற்றிக்கு வழிசமைத்தலால் தலைவனாவான் என்னும் துணிபு இத்தளர்ச்சியாற் கெடுவதன்று. அத்துணிபு பற்றியே இவ்விளையாட்டு இலக்கியத் திறனாய்வுக்கு உரியதாகின்றது என்பது எம் கருத்து.