இந்த விலைக்கு நல்லது

விமரிசனத்தில் எனக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "இந்த விலைக்கு நல்லது" என்பது அது. கேட்பதற்குப் பாராட்டுப் போலத்தான் இருக்கும். உண்மையில் அது பாராட்டும் அல்ல, கண்டனமும் அல்ல. தீர்ப்புச் சொல்லப் பயப்படுகிறவன் ஒதுங்கிக்கொள்ளும் திண்ணை. பிடிக்காது என்று சொன்னேனே தவிர, அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்தவன்தான். ஒரு புதிய எழுத்தாளரின் புத்தகத்தைப் பற்றி, "முதல் நாவல் என்ற அளவில் நல்ல முயற்சி" என்று எழுதினேன். "அந்த 'அளவை' எடுத்துவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதாமலே மாதக்கணக்கில் அதைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அந்தக் கடிதம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது எடின்பரோ நகரத்தில், ஒரு விஸ்கிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது. முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரையும் குடிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ராத்திரிச் சாப்பாடு ஆனபின் மேஜைமேல் ஒரு புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். புட்டியின் தோளில் மூன்று உலோகக் குரங்குகள். பெயர் 'மங்கி ஷோல்டர்'. விலை சுமார் 30 பவுன் என்றார். அவரைப் போன்ற பென்ஷன்காரர் மாதம் ஒன்று வாங்கினால் வீட்டில் சண்டை வராத விலை. லேபிலில் 'பிளெண்டட் மால்ட்' என்று போட்டிருந்தது. இரண்டு வாய் பருகிவிட்டு, "இந்த விலைக்கு நல்லதுதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விலையைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். நீங்கள் ருசியைச் சொல்லுங்கள்" என்றார்.

என் நாக்கு அதுவரை ருசியே பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். லேபிலைத்தான் பார்த்திருந்தது. 'பிளெண்டட்' என்றால் கலப்படத்துக்கு அண்ணன் முறை என்று எண்ணியிருந்தேன். அது தவறு. முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும், செம்புப் பானைகளில் வடிப்பது மால்ட் விஸ்கி. ஒரே சாலையில் வடித்ததானால் ஸிங்கிள் மால்ட். பல சாலைகளில் வடித்த மால்ட்களைச் சேர்த்தால் பிளெண்டட் மால்ட். விலை குறைந்த தானிய விஸ்கி இதில் ஒரு சொட்டும் சேராது. தானிய விஸ்கியும் சேர்ந்தால்தான் வெறும் 'பிளெண்டட்'. இந்தப் பெயர்களை இப்படிப் பிரித்து வைத்தது 2009-ஆம் வருஷத்துச் சட்டம்.

சட்டம் வந்ததற்கு ஒரு சண்டையும் காரணம். 2003-இல் கார்டூ என்ற ஸிங்கிள் மால்ட்டுக்குக் கிராக்கி அதிகமாகிச் சரக்குப் போதவில்லை. வேறு மால்ட்களையும் சேர்த்து, அதே பெயரில், 'ப்யூர் மால்ட்' என்று விற்க ஆரம்பித்தார்கள். ஊர் கொதித்தது. முன்னால் நின்று ஆட்சேபித்தவர்கள் வில்லியம் கிராண்ட் கம்பெனியார். மங்கி ஷோல்டரை 2005-இல் வெளியிட்டவர்களும் அவர்களேதான். இதில் முரண் ஏதும் இல்லை. சேர்ப்பது குற்றமல்ல, சேர்த்ததை மறைப்பதுதான் குற்றம். டஃப்டவுனில் உள்ள தங்கள் மூன்று சாலைகளின் மால்ட்களைச் சேர்த்துத்தான் இதை ஆரம்பித்தார்கள். மூன்று குரங்குகளும் அந்த மூன்றைக் குறித்தவைதாம்.

தூய்மை என்று நாம் கொண்டாடுவது எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு அந்தத் தொழிலிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பீப்பாயை வெளியாருக்கு விற்கும்போது, அவர்கள் சாலையின் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாதே என்று, வேறொரு சாலை விஸ்கியைத் துளி சேர்த்துக் கொடுப்பார்கள். தேக்கரண்டியின் பெயராலேயே அந்த வழக்கத்தைச் சொல்கிறார்கள். ஒரு கரண்டி விழுந்தவுடன் ஸிங்கிள் மால்ட், பிளெண்டட் மால்ட் ஆகிவிடுகிறது. நாக்குக்கு அந்தக் கரண்டி தெரியவா போகிறது?

சரி, என் நாக்குக்குத் தெரிந்தது என்ன? முதல் நாள் வெறுமனே பருகினேன். வெனிலா, தேன், பிறகு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின வாசனை. அமெரிக்க போர்பன் இருந்த ஓக் பீப்பாய்களில் கிடந்ததன் பலன் அது. வெனிலா வாசனை அந்த மரத்தின் சொத்து. இரண்டாம் நாள் சில சொட்டுத் தண்ணீர் விட்டேன். தித்திப்புச் சற்று விலகி, இஞ்சியும் லவங்கமும் தலை காட்டின. ஆனால் உடம்பு மெலிந்துவிட்டது. மூன்றாம் நாள் வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சொன்னதையேதான் சொல்லிற்று. விழுங்கினபின் தொண்டையில் தங்குவதும் கொஞ்ச நேரம்தான். வீட்டுக்கு வந்தவுடன் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுக் காப்பி ஆறுமுன் விடை பெற்றுக்கொள்ளும் விருந்தாளி. மற்றப் பானங்களுடன் கலந்து குடிப்பதற்கென்றே இதை விளம்பரப்படுத்துகிறார்கள். அந்தக் காரியத்துக்கு இந்தத் தித்திப்பு நன்றாக ஈடு கொடுக்கும். தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு மூன்றாம் நாளில் துணை போதாது.

இவ்வளவையும் ஆசிரியரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "பெயரின் அர்த்தம் தெரியுமா?" என்றார். ஈரப் பார்லியைக் கல் தரையில் பரப்பி, வேர்கள் பின்னிக்கொள்ளாமலும் சூடு ஏறிவிடாமலும் இரவு பகலாக மண்வாரியால் புரட்டிப் போடுவார்கள். வருஷக்கணக்கில் அதைச் செய்தவர்களுக்கு ஒரு தோள் விறைத்து, கை குரங்கின் கையைப் போலத் தொங்கிப் போகுமாம். அந்த நோவுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர்தான் புட்டியில் இருக்கிறது.

ஒரு மனிதனின் தோள் போயிருக்கிற சாமானை, "விலைக்குத் தகுந்தாற்போல்" என்று தட்டிக் கொடுப்பது மரியாதை ஆகாது. நல்லதை நல்லது என்றும், குறையைக் குறை என்றும் சொல்வதே மரியாதை. விலை வாங்குகிறவன் போடுகிற கணக்கு; அதை அவன் போட்டுக்கொள்வான்.

ஊர் திரும்பியதும் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாவலை மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டியிருந்தது. பதில் நாலு பக்கம் வந்தது. பாராட்டு ஒன்றரைப் பக்கந்தான். 'அளவில்' என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லை.