இரண்டு இரவுகள், ஒரு பியானோ

ஆங்கிலேயப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருடைய மனச்சோர்வில்தான் வந்து நிற்கிறோம். 1974 நவம்பரில், 26 வயதில் அவர் இறந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மூன்றாண்டு முன் பதிவான பாட்டுகளைக் கேட்கிறோம். உடைந்த மனம் தானே பாடிக்கொண்டது, அதனால்தான் இவ்வளவு உண்மை என்றும் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தலைப்புப் பாட்டின் நடுவில் வரும் பியானோவை மட்டும் கவனியுங்கள். சுமார் 28 நிமிடத் தட்டு, 11 உருப்படிகள். தட்டு முழுவதும் கேட்பது ஒரு குரலும் ஒரு கிட்டாரும்தான். அவற்றின் மேல் கூடுதலாகச் சேர்த்துப் பதிந்தது இந்தப் பியானோ ஒன்றே. குரல் ஓய்ந்த இடத்தில் இறங்கும் சில சுரங்கள். வந்த வேலை முடிந்ததும் போய்விடுகின்றன. மற்றப் பத்து உருப்படிகளில் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எதை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று தெளிந்த ஒரு கை அங்கே இருக்கிறது. புலம்பலுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

1971 அக்டோபர், லண்டன் செல்சியில் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடம், இரண்டு பின்னிரவுகள், கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் ஒருவர் மட்டும். தட்டு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதில் டிரேக் உறுதியாக இருந்ததை வுட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரேக்கின் முந்தைய தட்டான ‘பிரைட்டர் லேட்டர்’தான் உச்சம் என்பவர்கள் உண்டு. அதில் ராபர்ட் கிர்பி அமைத்த தந்தி வாத்திய இசைக்கோவையை நானும் ரசிப்பவன்தான். ஆனால் அங்கே டிரம்ஸுக்கும் பேஸுக்கும் அடியில் டிரேக்கின் வலது கைக் கட்டைவிரல் அமுங்கிப்போகிறது. இங்கே அது தனியே கேட்கிறது. தலைப்புப் பாட்டில் கிட்டாரின் சுருதியை சி-ஜி-சி-எஃப்-சி-ஈ என்று மாற்றி வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரல் அடித்தந்திகளில் அசையாமல் நடக்க, குரல் மட்டும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, பதறாமல் வந்து சேர்கிறது. இரண்டு இரவில் பதிவாகியிருக்கலாம். அந்தக் கைக்குப் பின்னால் இருப்பது பல வருடச் சாதகம்.

வலி இல்லாமல் இந்தப் பாட்டுகள் வந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நோய் முற்றுவதற்கு முன், 1969-இல் வெளிவந்த அவருடைய ‘ரிவர் மேன்’ பாட்டு ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது. அதே நிதானம், அதே தொலைவான குரல் அதிலேயே இருக்கின்றன. நோய் அவருக்கு என்ன செய்தது என்பதற்கும் சான்று உண்டு. 1974-இல் அவர் மறுபடி கூடத்துக்கு வந்தபோது பாடிக்கொண்டே வாசிக்க முடியவில்லை. கிட்டாரை முதலில் பதிந்து குரலைப் பிறகு சேர்க்க வேண்டியிருந்தது. கட்டைவிரலையும் குரலையும் இணைத்த நூலையே நோய் அறுத்துவிட்டது. கிடைத்தவை ஒரு கைப்பிடிப் பாட்டுகள். ‘பிளாக் ஐட் டாக்’ அவற்றில் ஒன்று, நெஞ்சை உலுக்குவது. ஆனாலும் நம்மை உலுக்குவது அதன் உச்சத் தந்தியின் மணியொலி, அதை வைத்த இடம். நோய்க்கு நன்றி சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இன்று படுக்கையறையில் பதிந்த கிசுகிசுக் குரலும், வேண்டுமென்றே விட்டுவைத்த இரைச்சலும், பாட்டோடு சேர்த்து அறிவிக்கப்படும் நோயின் பெயரும் உண்மைக்கு அத்தாட்சியாகிவிட்டன. நோயை மறைக்காமல் சொல்வது நல்லது, அதை நான் குறைசொல்லவில்லை. சொன்னதோடு பாட்டு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் வருத்தம் தருகிறது. சுருதி சேராத கிட்டாரைக் கேட்டு ‘எவ்வளவு நேர்மை’ என்று நாமும் உருகுகிறோம். ‘பிங்க் மூன்’ கிட்டாரில் ஒரு தந்திகூடச் சுருதி பிசகவில்லை. தட்டின் கடைசிப் பாட்டு ‘ஃப்ரம் த மார்னிங்’, விடியலைப் பாடுகிறது. துயரச் சாசனம் என்று இந்தத் தட்டைக் கொண்டாடுகிறவர்கள் அதுவரை பொறுமையாகக் கேட்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கட்டைவிரல் அதில் இன்னும் சற்று வேகமாகவே நடக்கிறது.